கீல் கேபிளும் டேனியல் மேல் எனக்கு வந்த சந்தேகமும்

அன்பு மாப்பிள்ளை சார்லஸ்,

அங்கே மேலே உனக்கு வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் பாய்மரப் படகுக்கு அடியில் என் கைலி கழன்று போய்விட்டது. கரையில் ஒரு வேன் நிறையச் சுற்றுலா ஆட்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எனக்கென்ன வேலை என்கிறாயா? அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. படகு சாயாமலிருக்க அடியில் தொங்குமே இரும்புப் பலகை, நீ கீல் என்பாயே, அதைத் தூக்காவிட்டால் படகு சேற்றில் முட்டிக் கவிழ்ந்துவிடும். "அவரு படகு சாஞ்சு கெடக்கத நான் பாக்கமாட்டேண்ணே" என்றாள் எஸ்தர். நீ போனபின் என் தங்கை என்னிடம் கேட்ட ஒரே காரியம் இது.

கீலைத் தூக்கும் கைப்பிடியை வலப்பக்கமாகச் சுற்றினேன். லேசாகப் போனது. சந்தோஷப்பட்டேன். கீலைக் கட்டியிருந்த கேபிள் உருளையை விட்டுக் கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. மூழ்கி எடுத்தால், நுனி பிய்ந்திருக்கவில்லை. கட்டரால் வெட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது.

யார் வெட்டியிருப்பார்கள்? மிதிபடகு விடும் டேனியலைத் தவிர வேறு யார்? உன் நினைவு ஜெபத்தன்று, இலையில் கறி இருக்கும்போதே "படக என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டவன் அல்லவா?

மறுநாள் அவனே வந்தான். "என்னண்ணே, கேபிள் போயிட்டாமே?"

"ஒனக்கு யாருல சொன்னா?"

"நீங்க தண்ணிக்குள்ள நின்னு ஏசுனது போடிமெட்டு வரைக்கும் கேட்டுச்சே."

பதில் தயாராக வைத்திருக்கிறான், கவனித்தாயா? வெட்டியவன் மிச்சத்தைக் கொண்டுபோயிருப்பான், இருக்கும் கேபிள் பத்தாது என்று, நான் மலையிறங்கிப் போடிக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கிவந்தேன். டேனியல் கேட்காமலே தண்ணீரில் இறங்கி, அதைக் கீலில் மாட்டினான். குற்றம் செய்த மனசு அப்படித்தான் உதவி செய்யும்.

கைப்பிடியில் கை வைத்தேன். கீழேயிருந்து கத்தினான்: "அண்ணே, அந்தப் பக்கம் சுத்தாதீங்க. சார்லஸ் அண்ணன் இடக்கைக்காரருல்லா, தன் தோதுக்கு உருளையத் திருப்பி மாட்டியிருக்காரு. வலப்பக்கம் சுத்துனா கேபிள் கழண்டுரும்."

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

இடப்பக்கம் சுற்றினேன். கீல் முனகிக்கொண்டே ஏறியது. இழுத்துக் கரையேற்றிவிட்டோம். எஸ்தர் படகின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பாலில்லாத கட்டன் சாயா ஊற்றினாள். டேனியலுக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றினாள். அதையும் கவனித்தேன்.

நீ கவலைப்படாதே. தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு கோடையிலும் உன் படகை நானே கரையேற்றுவேன். டேனியல் மேலும் ஒரு கண் வைத்திருப்பேன்.

எஸ்தரின் அண்ணனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான
சாமுவேல்

பி.கு.: போடிக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்த புதுக் கேபிளின் நுனியும் அதேபோல் பளிச்சென்றுதான் இருக்கிறது.