பம்புக்கு வெட்டிய தோல்

இன்று காலை சந்தைக்குப் போகும் வண்டிக்காரன் ஒருவன் என் வீட்டெதிரே வண்டியை நிறுத்தி அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டான். அந்த வாடை எனக்கு இன்னும் ஆகவில்லை, தோஸ்த். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மாதனூர் தாண்டி நம் முதலாளியின் கார் டயர் காற்றிறங்கி உட்கார்ந்த நாள்தான் ஞாபகம் வந்தது. நீ டிரைவர். தோல் சாம்பிள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உன் பக்கத்தில். காட்பாடியில் மெயில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் அதில் வரும் தோல் வியாபாரி துரையிடம் அந்தத் தோல்களைக் காட்டியாக வேண்டும்.

டியூபுக்கு ஒட்டுப் போட்டாய். பம்பு அடித்தால் காற்று ஏறவில்லை. உள்ளேயிருந்த தோல் வாஷர் காய்ந்து பிளந்திருந்தது. ஓடிப்போய்க் கொல்லனிடம் துருத்தியைக் கேட்டு வாங்கிவந்தாய். அது புஸ்ஸென்று வெளியே ஊதியதே தவிர டயர் எழும்பவில்லை. டயருக்குள் வைக்கோலைத் திணித்துப் பார்க்கலாம் என்றேன். "மாட்டு வண்டி வேகத்துலதான் போவும்டா" என்றாய்.

புளியமர நிழலில் நின்று முதலாளி கத்தினார்: "எதையாவது பண்ணுடா! ரயில் போய்ட்டா உன் தோலை உரிச்சி சுண்ணாம்புத் தொட்டியில போட்ருவேன்."

நீ என் மடியிலிருந்த கட்டைப் பிரித்தாய். ஒரு தோலின் கால் பக்கத்து ஓரத்தில் கத்தியை வைத்தாய். நான் தடுத்தேன்.

"இது ஓரம்டா. எப்படியும் வெட்டித்தான் எறிவாங்க."

வட்டமாக வெட்டி, அந்த வழியே வந்த வண்டிக்காரனின் மூங்கில் குழாயிலிருந்து விளக்கெண்ணெய் வாங்கி அதில் ஊறவைத்து, பம்புக்குள் செருகினாய். காற்று ஏறியது. வேர்வை வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

ரயிலைப் பிடித்தோம். துரை அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான், சிரித்தான், ஆர்டரும் கொடுத்தான். ரயில் நகர்ந்ததும் முதலாளி ஸ்டேஷனுக்கு வெளியே வந்து கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கையால வெட்டினே?"

குரலில் கோபமே இல்லை. வலது கையைக் காட்டினாய்.

"இடுக்குல வை."

"ரயிலு கெடைச்சிதே, மொதலாளி..."

"வைடா."

வைத்தாய். கதவை அறைந்து சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். "ஓட்டு. சீட்டுல ரத்தம் படக்கூடாது" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

ஒற்றைக் கையால் ஆம்பூர் வரை ஓட்டினாய். கியர் போடும்போதெல்லாம் நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பள்ளிகொண்டா வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

அதன்பின் உன் விரல்கள் மடங்கவில்லை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் வேலைதான் கிடைத்தது. ஆறாத புண்ணில் சுண்ணாம்பு ஏறிக் கை அழுகி, ஜுரம் கண்டு போய்ச் சேர்ந்தாய்.

இப்போது உன் மகன் அதே வீட்டுக்குக் கார் ஓட்டுகிறான். "உங்கப்பன் தோல் திருடன். பாவம்னு உன்னை வெச்சிருக்கோம்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்தான்.

"இருக்கட்டும் மாமா. வேற யார்கிட்டயும் இதைச் சொல்லிடாதீங்க. வேலை போய்டும்."

சரி என்றேன். டீக்கடையில் உன்னைத் திருடன் என்று பேசுகிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். உன் பேரனுக்குப் போன மாதம்தான் முதல் சோறு ஊட்டினார்கள்.