முழம் போட்ட கை

அன்புள்ள அக்கா,

உன் மகள் வசந்தாவின் முழங்கையில் இருப்பதும் சொரியாசிஸ்தான். வேலூர் தோல் டாக்டர் நேற்றுக் காலை பார்த்துச் சொன்னார். நான் உடன் இருந்தேன். தொட்டால் ஒட்டாது என்பதையும் அவரே சொன்னார். உனக்கும் அன்று இதைத்தான் சொன்னார்கள். நம் ஊர்தான் காதில் வாங்கவில்லை.

நீ கண்மூடி இரண்டு கார்த்திகை தீபம் ஆகிவிட்டது. ராஜகோபுரத்துக்கு எதிரே உன் பூக்கடையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். சரத்தின் நுனியை விரலில் பிடித்து முழங்கை வரை இழுத்து அளக்கும்போது, பூ வாங்க வந்தவர்களின் கண் எங்கே போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். தார் களிம்பு, அல்லது வாரம் ஒருமுறை மாத்திரை. யோசித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் வசந்தா கேட்டாள்: "மாமா, அம்மா எந்த மருந்துல நல்லா இருந்தாங்க?"

இத்தனை வருஷம் பத்திரிகையில் செய்தி எழுதியவன். பதில் தெரியவில்லை அக்கா.

எழுபதுகளில் நீ தார் பூசினாய். செதில் குறைந்தது, மல்லியில் தார் வாடை என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு சித்த வைத்தியரின் வெட்பாலை எண்ணெய். அரிப்பு அடங்கியது, படை போகவில்லை, சேலையெல்லாம் ஊதாக் கறை. கடைசியில் மாத்திரை. தோல் தெளிந்தது. வாயெல்லாம் புண், சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. இதில் நல்லா இருந்தது எது?

உன் வீட்டுக்காரர், மாமாவைக் கேட்டேன். "மாத்திரைதான் மச்சான். கை கண்ணாடி மாதிரி இருந்திச்சி. முழுக்கை ரவிக்கைய அவ விட்டதே அப்பதான்."

பக்கத்துக் கடை கண்ணம்மா சிரித்துவிட்டாள். "புருஷனுக்கு என்னா தெரியும்? அப்ப அவளுக்கு ஒரு இட்லி எறங்காது. எண்ணெ பூசுனப்பதான் ஜாஸ்தி சிரிச்சா. நான் ஊதாக்காரினு கூப்பிட்டா, என்னாடி குட்டக்கைனு கேப்பா."

கண்ணம்மாவுக்குக் குட்டைக் கைதான். உன் கை பூவில் படுவதைச் சிலர் விரும்பாததால், உன் சரத்துக்கும் அவளே முழம் போட்டாள். ஒரு பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர் அம்மாள் ஒருத்தி அதை ஒத்துக்கொள்ளவில்லையாம். "இவ கையில முழம் கம்மியா வருது. நீயே அளந்து குடும்மா." நீ அளந்தாய். அதற்குப் பிறகு கண்ணம்மாவின் கையை நீ கேட்கவே இல்லை.

இதுவரை மாமாவும் கண்ணம்மாவும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். உன் முழங்கை அன்று எப்படி இருந்தது என்பதில்தான் தகராறு. சுத்தமாக இருந்ததால்தான் அவள் கேட்டாள் என்கிறார் மாமா. "செதில பாத்துக்கினேதான் கேட்டா" என்கிறாள் கண்ணம்மா. அந்த அம்மாளைத் தேடிக் கீழ்பென்னாத்தூர் போனேன். அங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அவள் பார்த்தது எதை? தோல் தெளிந்ததால் உனக்கு அந்த நாள் கிடைத்ததா, தெளியாமலே கிடைத்ததா?

டாக்டர் வசந்தாவின் உடம்பில் எவ்வளவு இடம் என்று உள்ளங்கையால் கணக்குப் பார்த்தார். பூ விற்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பாரோ?

இரண்டு பேர் சொன்னதையும் திருத்தாமல் வசந்தாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் எங்கம்மாவப் பத்திதான் சொல்றாங்களா மாமா?" என்றாள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். டாக்டர் முன்னால் அவளுக்காக நான் பேச மாட்டேன். எந்த மருந்தை எடுத்தாலும், தோல் எப்படி என்பதற்கு முன்னால், சாப்பிட்டாயா, கடைக்குப் போக மனசு வருகிறதா என்று கேட்பேன்.

நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வியாழக்கிழமை வரும். ஈரல் தாங்கும் என்று அதில் இருந்தால்தான் மாத்திரையைப் பற்றிய பேச்சே. மறுநாள் வசந்தா தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
வசந்தாவுக்குத் தாய்மாமன்