வெள்ளைக்காரன் கல்லில் புதுக் கோடு

பாலிக் புலாவ், பினாங்கு

அன்பு மகள் ஸஹ்ராவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த லண்டன் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அத்தா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் தாளில் எழுதி, கடைக்காரி ஃபாத்தினிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. வீட்டுக்குப் பின்னால் கரைமேல் நிற்கும் வெள்ளைக்காரன் கல் நினைவிருக்கும். கரையோரச் சேற்றில் நின்ற பாக்காவ் மரக்காட்டை அழித்துத் தென்னை வைத்த துரை, கடல் உள்ளே வராமல் மண்கரை எழுப்பி, தண்ணீர் இதைத் தாண்டாது என்று அந்தக் கல்லில் கோடு கிழித்தான். துரையும் போனான், தோட்டமும் போயிற்று, அவன் கிழித்த கோட்டை மட்டும் ஊர் இன்னும் நம்புகிறது. கடல் ஏறும் நாளில் உன் அத்தாதான் போய்ப் பார்த்துவிட்டு, "கோட்டத் தொடலலா, நிம்மதியா தூங்குங்க" என்று எல்லோருக்கும் சொல்வார். இப்போது வெயிலும் மழையும் சொன்ன காலத்தில் வருவதில்லை. போன பௌர்ணமி விடியலில் தண்ணீர் கோட்டை மூழ்கடித்து நம் சமையலறைப் படிவரை வந்து, ஊர் எழும்புமுன் வடிந்துவிட்டது. அன்றைக்கே அத்தா படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டோடு போய், பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு ஒரு சாண் மேலே புதுக் கோடு போட்டார். ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டால், "ஊரு கலைஞ்சு போச்சுன்னா பள்ளிவாசல்ல யாரு தொழுவா, நீ சும்மா இரு" என்கிறார்.

பக்கத்து வீட்டு ஹைருலின் மனைவி நஜ்வா பிள்ளை பெற்றுப் பந்தாங்கில் இருக்கிறாள், நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாதென்று தரையில் மெத்தை போட்டுப் பச்சைப்பிள்ளையோடு படுத்திருக்கிறாள். ஹைருலுக்கு அக்கரையில், பிறை ஊர்த் தொழிற்சாலையில் இரவு வேலை. தாய் வீட்டுக்குப் போ என்றேன், உங்கள் வீட்டுப் பாக்சிக் பார்த்துவிட்டுத்தானே சொன்னார், கோட்டைத் தொடவில்லையே என்று சிரிக்கிறாள். உண்மையைச் சொன்னால் அத்தாவின் மானம் போகும், சொல்லாவிட்டால் தரையில் படுத்திருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன கதி?

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. நேற்று ஓத உட்கார்ந்தால் குர்ஆனைக் காணோம். தேடிப் பார்த்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அலமாரி உச்சியில் கூரையை ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்கும் தெரியும் ஸஹ்ரா.

நீ போன் போட்டுச் சண்டை பிடிக்காதே, கல்லைப் பற்றி வாயே திறக்காதே. நம் வீட்டுக் குர்ஆன் எங்கே இருக்கிறது அத்தா என்று மட்டும் கேள். உன்னிடம் அவருக்குப் பொய் வராது. வியாழனுக்குள் அவர் ஊரிடம் சொல்லாவிட்டால், மானம் போனாலும் சரி, நானே நஜ்வாவிடம் சொல்லிவிடுவேன். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. நீ ஏழாவது மாடியில் குடியிருக்கிறாய் என்று நினைத்து நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்காகத் துஆ செய்யும்
அம்மா ருக்கையா