வில்லுக்கு மாட்டியதும் கழற்றியதும்

பராகா, மிச்சிகன்
ஆகஸ்ட் 8, 1993

என் அருமைக் கப்பல் சமையல்காரருக்கு,

இங்கே நானும் நாயும் நலம். அங்கே நீயும் உன் அண்டாக்களும் நலமா? உன் கடிதம் வந்தது. மொத்தமே மூன்று வரி. ஒன்று வெயில், ஒன்று வெங்காயம், மூன்றாவது "இந்த அக்டோபரில் விடுப்பு எடுக்கவில்லை, ஏரி உறையும்வரை கப்பலிலேயே இருந்துவிடுகிறேன்." அந்த வரியை மட்டும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் பொடி எழுத்தும் படிக்க வரும்.

மார்ச்சில் ஏறினால் ஜனவரியில் இறங்குகிற மனுஷன் நீ. நடுவில் அந்த இரண்டு வாரம்தான் எனக்கு. அதிலும் பகல் பூராவும் மான் வேட்டை என்று வில்லும் கையுமாக ஓடைக்கரை மரத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். இருந்தாலும் இருட்டினால் இறங்கி வருவாயே! சானா நீராவிக் குளியலுக்கு நெருப்புப் போட்டுவிட்டு, மரங்களுக்கு நடுவில் உன் டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டு வருகிறதா என்று சன்னலில் நிற்பேனே. அதுவும் இல்லை என்றால் எப்படி?

சரி, மரம் சும்மா கிடக்கக்கூடாது என்று நானே ஒரு வில் வாங்கிவிட்டேன். மயங்கி விழாதே, பக்கத்தில் எண்ணெய் கொதிக்கும்.

டட்லி கடைக்குத்தான் போனேன். "என்ன தைமி, இதான் மொத வில்லா?" என்றான்.

"ஆமா. மொத புருஷனும் இன்னும் இருக்கான். ஆனா கைக்குச் சிக்க மாட்டேங்குறான்" என்றேன்.

கடையில் இருந்ததையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டான். ஐந்து ஊசி வைத்த குறிகாட்டி, எட்டு அம்பு செருகும் கூடு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பாரக் கம்பி, ஒரு குட்டி விளக்கு, ஒரு திசைகாட்டி. திசைகாட்டி எதற்கு என்று கேட்டேன். "காட்டுல வழி தப்பினா?" என்கிறான். ஓடைக்கரை மரத்திலிருந்து பார்த்தால் என் சமையலறைத் திரைச்சீலை தெரியும்!

நாணில் மாட்டுகிற ஒரு சின்னப் பொத்தானும் கொடுத்தான். "ஒவ்வொரு தடவை இழுக்குறப்பவும் இது உன் உதட்டுல ஒரே எடத்துல படணும். அப்பத்தான் கை மாறாம குறி நிக்கும்" என்றான். நம்ம ஊரில் இதற்கு முத்தப் பொத்தான் என்றுதானே பெயர்? மறுபேச்சில்லாமல் வாங்கினேன். அக்டோபரில் அதாவது படட்டும்.

இப்படிக்கு,
பிடிவாதக்காரி தைமி

*

ஹியூரான் ஏரி
ஆகஸ்ட் 17

தைமி,

நலம். கோபம் ஒன்றும் இல்லை.

திசைகாட்டியைக் கழற்று. விளக்கையும் கழற்று. பாரக் கம்பி கை நடுங்காமல் இருக்கத்தான், ஆனால் அவ்வளவு நீளம் உனக்கு வேண்டாம், குட்டையாக ஒன்று போதும். எட்டு அம்புக் கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான்கு அம்புக் கூடு வாங்கு. எட்டு அம்பு எய்யும்வரை எந்த மானும் நின்று பார்க்காது. ஐந்து ஊசியில் பதற்றத்தில் எதை வைத்துப் பார்ப்பது என்றே தெரியாமல் போகும். இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடு.

வைத்துக்கொள்ள வேண்டியது: நல்ல அம்புதாங்கி. மணிக்கட்டில் மாட்டி நாணை விடுகிற விசை, விரலால் விட்டால் உனக்கு அம்பு ஆடும். முன்கைக் காப்பு, இல்லையென்றால் நாண் அடித்துக் கை கத்தரிக்காயாகிவிடும். மரத்தில் இடுப்புவார் கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டட்லியை உன் கை நீளத்தை அளக்கச் சொல். சாமான் எல்லாம் பிறகுதான்.

பொத்தான் நல்ல சாமான். ஆனால் புது நாண் கொஞ்சம் நீளும். ஒரு வாரம் எய்த பிறகு அதை இறுக்கு.

ஆர்வோ

*

பராகா
ஆகஸ்ட் 29

என் நெடுந்தூரத்து வாத்தியாருக்கு,

நாயிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பார்த்தாயா, கல்யாணமான நாளிலிருந்து உன் எஜமான் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை" என்றேன். தெரிந்திருந்தால் வில்லை அப்போதே வாங்கியிருப்பேன்.

நீ சொன்னதையெல்லாம் கழற்றிவிட்டேன். பால் வாளி மாதிரி கனத்த வில் இப்போது கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. டட்லிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "யாரு இதையெல்லாம் கழட்டச் சொன்னது?" "ஹியூரான் ஏரியிலேருந்து உத்தரவு" என்றேன். கையை அளந்து பார்த்தால், அவன் கொடுத்த வில் அவனை மாதிரி நீளக் கைக்காரனுக்கு வைத்திருந்ததாம்! சரிசெய்து கொடுத்தான். தினமும் சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டைக் குறிபார்த்து எய்கிறேன். முதல் வாரம் வைக்கோலைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது. உன் சானா கதவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

இப்போது பொத்தானை இறுக்கியாச்சு. நாண் இழுத்ததும் உதட்டோரம் சில்லென்று வந்து நிற்கும். அந்த ஒரு நொடி மூச்சு விடக்கூடாது என்கிறான் டட்லி. அவன் சொல்லாமலே மூச்சு நின்றுபோகிறது, ஆர்வோ.

நேற்று மரத்திலும் ஏறிப் பார்த்தேன். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏறினேன். பாதியில் ஒரு கிளை பிடித்து இழுத்தது. வில் கீழே போனது, நான் போகவில்லை. குறிகாட்டி உடைந்தது, வேறு வாங்க வேண்டும்.

அந்த மரத்தில் போன அக்டோபரில் நாள் முழுக்க என்னதான் பார்த்தாய்? ஒரு மான்கூட வரவில்லை என்றாய். நான் ஏறின அன்றே மூன்று வந்து போயின.

தைமி

*

டெட்ராய்ட் ஆறு
செப்டம்பர் 8

தைமி,

நீ என்ன சின்னப் பிள்ளையா? வில்லோடு மரம் ஏறுவாயா? அம்புக் கூட்டில் முனை வைத்த அம்பு இருந்து, அதன் மேலேயே நீ விழுந்திருந்தால்? யார் பார்த்திருப்பார்கள்? நாயா? நான் இங்கே முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்துதான் தெரியும்.

வெறும் கையோடு ஏறு. இடுப்புவாரைக் கட்டு. அப்புறம் கயிற்றால் வில்லை மேலே இழு. இந்தக் கயிறு சாமான் பட்டியலில் இருக்காது. முதலில் வாங்க வேண்டியது இதுதான், எழுத மறந்தது என் தப்பு.

கயிறு வாங்காதே, இத்துடன் அனுப்புகிறேன். தபால் படகு கப்பலை ஒட்டி வரும்போது வாளியை இறக்குவோமே, அந்தக் கயிறு. புதுசு மாற்றினார்கள், பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் கடிதமெல்லாம் இதில்தான் மேலே வந்தது.

நீ மான் பற்றிக் கேட்டதற்குப் பதில். போன அக்டோபரில் வந்தது. எட்டுக் கிளைக் கொம்புக்காரன், மரத்தடியிலேயே நின்றான். நாண் பாதிக்கு மேல் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் நவம்பர் புயலில் சூப் அண்டா சரிந்தபோது வலது தோளால் தாங்கினேன், அன்று போனது. டாக்டர், இனிமேல் வில்லைத் தொடாதே என்றுவிட்டார். மானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வில் இழுக்க முடியாதவனுக்கு அக்டோபரில் அங்கே என்ன வேலை? அதனால்தான் விடுப்பு எடுக்கவில்லை.

ஆர்வோ

*

பராகா
செப்டம்பர் 17

ஆர்வோ,

கயிறு வந்தது. மீனும் வெங்காயமும் நாறுகிறது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சிரிக்காதே.

தோள் சங்கதி எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? பிப்ரவரியில் பனியை இடது கையால் தள்ளினாய். காப்பிக் கெண்டியை இடது கையால் தூக்கினாய். ஜனவரியில் துறைமுகத்தில் இறங்கி வந்து என்னை ஒரு கையால் கட்டிப்பிடித்தாய். மீதிக் கை எங்கே என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்றுதான் இருந்தேன்.

வேலை என்ன என்று கேட்கிறாயா? மான் பிடித்துக் கொடுக்கவா உன்னைக் கட்டிக்கொண்டேன்? இரண்டு தட்டு இருக்கிற அலமாரியிலிருந்து ஒரு தட்டு மட்டும் எடுத்து மேசையில் வைத்துப் பார். பார்த்துவிட்டு அப்புறம் சொல், இங்கே உனக்கு வேலை இல்லை என்று.

நான் வில் வாங்கினது மானுக்காக இல்லை. நீ வந்தால் வீட்டில் இருக்கமாட்டாய், மரத்துக்குத்தான் போவாய். அதனால் நானே அந்த மரத்துக்கு வந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ என்னடா என்றால் மரத்தையும் விட்டுவிட்டு ஏரியில் நிற்கிறாய்.

உன் இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை அடித்திருக்கிறேன். இரண்டாவது இடுப்புவாரும் வாங்கியாச்சு. பெரிய அளவு. நீ சமைக்கிறதை நீயே சாப்பிடுகிறவன், எனக்குத் தெரியாதா?

வா. கெஞ்சவில்லை. சரி, கெஞ்சுகிறேன்.

உன் தைமி

*

ஈரி ஏரி
செப்டம்பர் 23

தைமி,

30ஆம் தேதி வாக்கில் மார்க்வெட் துறைமுகத்துக்கு இரும்புத் தாது ஏற்றக் கப்பல் வரும். காற்றைப் பொறுத்தது. மாற்றுச் சமையல்காரன் வந்தால் இறங்க விடுகிறேன் என்கிறார் கேப்டன். வருவதாகச் சொன்னவன் போன தடவையும் வரவில்லை. நிச்சயம் இல்லை.

எனக்காகக் காத்து நிற்காதே. வேட்டைக் காலத்தின் முதல் நாள் விடிவதற்குள் மரத்தில் இருக்க வேண்டும். அவசரப்படாதே. பொத்தான் உதட்டில் பட்ட பிறகு விடு.

அந்தப் பலகையை எந்தப் பக்கம் அடித்தாய்? இடமா, வலமா?

உன் ஆர்வோ

*

ஓடைக்கரை மரத்தடி வாளியில்
அக்டோபர் 1

ஆர்வோ,

இதை நீ படித்தால் வந்துவிட்டாய் என்று அர்த்தம். அணில் படித்தால், அணிலே, பக்கத்தில் இருக்கிற ரொட்டியைத் தொடாதே, அது ஏலக்காய் போட்டு என் புருஷனுக்குச் சுட்டது.

நேற்று இரண்டு தரம் சாலை வரைக்கும் போய்ப் பார்த்தேன். காற்று பலமாக இருந்தது, கப்பல் பிந்தியிருக்கும். வீட்டுக் கதவில் எதுவும் எழுதி வைக்கவில்லை. நீ வந்தால் வீட்டுக்குள் போகமாட்டாய், நேராக இங்கேதான் வருவாய்.

வெறும் கையோடுதான் ஏறினேன். வாரைக் கட்டினேன். வில்லை உன் கயிற்றில்தான் மேலே இழுத்தேன். அப்புறம் உங்கள் கப்பலில் செய்கிற மாதிரியே வாளியைக் கட்டி இறக்கிவிட்டேன்.

பலகை வலது பக்கம். உன் நல்ல தோள் என் மேல் படுகிற மாதிரி அடித்தேன். நான் நாண் இழுத்தால் என் முழங்கை உன் மூக்கில் இடிக்கும், தாங்கிக்கொள். மான் வராவிட்டாலும் இருட்டும்வரை இங்கேதான் இருப்பேன். இன்று வராவிட்டால் நாளைக்கும் வாளியை இறக்குவேன்.

கூப்பிடாதே, சத்தம் கேட்டால் மான் ஓடிவிடும். இடது கையால் கயிற்றை இரண்டு தரம் இழு, போதும். மறு நுனியை என் மணிக்கட்டில் சுற்றி வைத்திருக்கிறேன்.

தைமி