உப்புக்கோட்டு வீடு

மரக்காணம்
14-8-2005

மரியாதைக்குரிய உமைரின் அத்தாவுக்கு ஹமீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் நலம். குவைத் வெயில் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

வீடு கட்ட இன்னும் இரண்டு வருஷம் இருந்து சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து உங்கள்மேல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கு வீடு வருகிறதுங்க! சுனாமியில் வீடு போனவர்களுக்கு அரசாங்கம் இடம் தருகிறது, ஜப்பான்காரர்கள் கட்டித் தருகிறார்கள்.

இன்ஜினியர் மிச்சிகோ என்கிற அம்மா. அவர் ஊரிலும் பூகம்பத்தில் வீடு விழுந்ததாம். அப்புறம் யாரையும் கேட்காமல் கட்டிக் கொடுத்த வீட்டில் அவர் தாயாருக்குக் கடைசிவரை மனசே ஒட்டவில்லையாம். அதனால் பெண்களைக் கேட்டுத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம். பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தி அவர் பேச்சைத் தமிழில் சொன்னாள்.

பிளானைக் காட்டினார், ஒருத்திக்கும் விளங்கவில்லை. உப்பளத்துத் திரௌபதி ஓடிப்போய் ஒரு கூடை உப்பு கொண்டுவந்தாள். அதைக் கொட்டி, நிஜ அளவிலேயே தரையில் சுவர்களுக்குக் கோடு போட்டோம். அந்த அம்மா வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்க்க வேண்டுமே! திரௌபதி மறந்துபோய்க் கோட்டைத் தாண்டினாள். ஏண்டி, செவுத்துக்குள்ள பூந்து போறியே என்று ஒரே கூச்சல்.

சமையலறையை ஒட்டிக் கக்கூஸ் இருந்தது. நான் வாய் திறந்தேன் என்றால் நம்புவீர்களா? இது சரிப்படாதுங்க, பின்னாடி தள்ளுங்க என்றேன். தள்ளிவிட்டார்கள்!

பிறகு, ராத்திரி எப்படிப் படுப்பீர்கள் என்று காட்டச் சொன்னார். பிள்ளைகள் படுத்தார்கள். பெரியவள் அர்ஷியா தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். உமைர் அதில் உருண்டு வந்ததும், டேய், அது அத்தா இடம்டா, தள்ளிப் படு என்று விரட்டினாள். பிறந்ததிலிருந்து உங்களைப் பார்க்காதவன், எழுந்து உட்கார்ந்து அந்த வெறும் தரையையே பார்த்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிச்சிகோ அம்மா உப்புக்கோட்டை அழித்துவிட்டு, சுவரை இரண்டடி தள்ளிப் போட்டார்.

இனி நீங்கள் கட்ட வேண்டிய வீடு ஏதும் இல்லை. வேறு என்ன சாக்கு சொல்வீர்கள் என்று பார்க்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கிறேன் என்று அங்கே எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஊரில் ஒரு கடை வைத்தாவது பிழைத்துக்கொள்வோம்.

இத்தனை வருஷமும் உங்கள் வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் துஆ கேட்டேன். இன்று விடியற்காலை ஃபஜ்ரு தொழுகையிலிருந்து அதை நிறுத்திவிட்டேன். உங்களைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லித்தான் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உங்கள்
ஹமீதா