துருக்கையார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இதழ் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே ஆசிரியர் கூப்பிட்டார். துருக்கையனை நல்லவனாக்க வேண்டுமாம்.

ஆறு வருடமாக எங்கள் சித்திரக்கதை வார இதழின் வில்லன் அவன். இரும்பைத் தொட்டால் துரு. கப்பல், சிறைக் கம்பி, எல்லாம் பொடிப்பொடி. முதல் கதையிலேயே ஒரு ரயில் பாலத்தைத் தொட்டுச் சாய்த்தான், ரயிலோடு. இப்போது பிள்ளைகளுக்குக் கதாநாயகன் சலித்துவிட்டானாம், இவன்தான் வேண்டுமாம்.

"அந்தப் பாலம் என்ன ஆச்சு சார்?"

"அதை எவன்யா ஞாபகம் வெச்சிருக்கான்?"

நான் வைத்திருக்கிறேன். உலோகவியல் படித்துவிட்டு பலூனுக்குள் வசனமும் கட்டத்துக்குள் வர்ணனையும் எழுதுகிற எனக்கு வேறு என்ன வேலை.

மார்ச் 7, வெள்ளி

அக்காவின் கணவன் போன் செய்தானாம். எட்டு மாதமாகக் குடிக்கவில்லையாம். மகள் குட்டியைப் பார்க்க வேண்டுமாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ஆம்'. எதை நம்புவது?

போன வருடம் போதையில் காரை மரத்தில் மோதினான். பக்கத்து இருக்கையில் குட்டி. அவளுக்கு எட்டு வயது, இடது கைக்குள் உடைந்த எலும்பைச் சேர்க்க வைத்த தகடு இன்னும் இருக்கிறது. அன்றைக்கே அக்கா அவனை வெளியே அனுப்பினாள். அன்றைக்கே நானும் அத்தான் என்று சொல்வதை விட்டேன்.

"அவன் எதுக்கு இங்க வரணும்?" என்றேன்.

"இங்க வரச் சொல்லல, பார்க்குக்குத்தான். அவன் இவன்னு பேசாதடா. உள்ள அவளுக்குக் காது கேக்குது."



மார்ச் 15, சனி

பூங்கா. பஸ்ஸில் வந்தான். இளைத்திருக்கிறான். குட்டி ஊஞ்சலுக்கு ஓடியதும் பெஞ்சில் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"மோந்து பாக்கறியா மச்சான்? நல்லா பாரு" என்று என் முகத்தில் ஊதினான்.

பெப்பர்மின்ட் வாசனை. சும்மா பெப்பர்மின்ட்டா, எதையாவது மறைக்கிற பெப்பர்மின்ட்டா? வீடு வரும்வரை இதே யோசனை. இதற்கெல்லாம் ஒரு கருவி கிடைக்கும், வாங்கியிருக்கலாம்.

மார்ச் 19, புதன்

துருக்கையனுக்கு மூன்று கதை யோசித்தேன். ஒன்று, பாலத்தைச் சாய்த்தது அவனுடைய இரட்டைப் பிறவி. இரண்டு, பெரிய வில்லன் ஒருவன் மிரட்டிச் செய்ய வைத்தான். மூன்று, தலையில் அடிபட்டுப் பழசெல்லாம் மறந்துபோனது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். எல்லாமே தப்பைத் துடைத்து எடுக்கிற வேலை. பாலம் விழுந்தது விழுந்ததுதானே?

ஓவியர் சிரிக்கிறார். "கண்ணுல ரெண்டு சொட்டுத் தண்ணி வரையறேன். ஜனம் மன்னிச்சிடும்யா. நீ ஏன் சொந்த விவகாரம் மாதிரி கொதிக்கிற?"

சொந்த விவகாரம் எல்லாம் இல்லை.

மார்ச் 22, சனி

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, அடுத்த மாதம் தகட்டை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். மயக்க மருந்து, சின்ன அறுவை. சின்னதுதான் என்று அவர் மூன்று முறை சொன்னார்.

திரும்பும்போது குட்டி கேட்டாள். "மாமா, துருக்கையன் தொட்டா என் கைக்குள்ள இருக்கறதும் துருப்பிடிக்குமா?"

"பிடிக்காது. அது டைட்டானியம்."

"அவனுக்கு அது தெரியுமா?"



மார்ச் 24, திங்கள்

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில்.

போலீஸ் துரத்துகிறது. முன்னால் இரும்புக் கதவு. தொட்டால் பொடியாகும், தப்பித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் ஒரு சிறுமி கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் நீளத் தையல் தழும்பு. உள்ளே தகடு என்று புரிகிறது அவனுக்கு. என்ன உலோகம் என்று தெரியாது. கதவின் துரு அவள் கைக்குள்ளும் ஏறிவிட்டால்? இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விடுகிறான். பிடிபடுகிறான்.

அழுகை இல்லை, மன்னிப்பு இல்லை. பாலம் அப்படியே விழுந்து கிடக்கிறது.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "வசனமே இல்லையே?"

"வேணாம் சார்."

"சரி, போகட்டும்."

ஏப்ரல் 15, செவ்வாய்

மேஜை நிறைய வாசகர் கடிதம். ஒரு பையன் 'துருக்கையார் வாழ்க' என்று கலர் பென்சிலால் எழுதியிருக்கிறான்.

ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே கட்டத்துல 'அவன் வந்தான்' வேணாம்பா. 'அவர் வந்தார்'னு போடு."

"ஒரே ஒரு தடவை கையைப் பாக்கெட்ல விட்டதுக்கா?"

"ஒரு எழுத்துதானேய்யா. மரியாதை குடுத்தா உன் சொத்தா போகுது?"

ஒரு எழுத்துதான். 'ன்' போய் 'ர்'. அந்த ஒரு எழுத்துக்கு அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பேரம் படிந்தது: கதையில் ஜனங்கள் பேசும்போது 'அவர்' என்று சொல்லிக்கொள்ளட்டும், வர்ணனையில் 'அவன்'தான். கட்டம் என்னுடையது.

"பிடிவாதம் பிடிச்ச கழுதை" என்றார் ஆசிரியர். ஆனால் சிரித்துக்கொண்டே.

ஏப்ரல் 18, வெள்ளி

அப்பா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று குட்டி கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குடிச்சிட்டு வந்து நின்னா?"

"வாசல்லயே நிறுத்து. அதுக்குத்தானே நீ இருக்க."

அதற்குத்தானா நான்? நிறுத்துவேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது — எப்படி நிறுத்துவேன்?

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு அறுவை. வருவானா? வந்தால் எந்த நிலையில் வருவான்?

ஏப்ரல் 24, வியாழன்

நாங்கள் எழுந்திருக்கும் முன்பே வந்து வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறான். மணியடிக்கவில்லை. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை.

சொல்லி வைத்த டாக்ஸி வரவில்லை. அக்காவுக்குப் பதற்றம். எங்கள் காரின் சாவியை எடுத்து வந்து, பழைய பழக்கத்தில், நேராக அவனிடம் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. கை அப்படியே நின்றது.

அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"நான் ஓட்டறதில்ல. மச்சான் ஓட்டட்டும்" என்றான், தரையைப் பார்த்து.

இதழைப் படித்திருப்பானா? படித்துவிட்டு நடிக்கிறானோ என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அதே குடைச்சல். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். குட்டி அவன் பாக்கெட்டுக்குள் தன் கையையும் நுழைத்து வைத்திருந்தாள். ஓட்டிப் பழக்கம் விட்டுப்போனதில் வழியில் இரண்டு முறை வண்டியை அணைத்துவிட்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தகட்டை ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் குட்டி அதைத்தான் கேட்டாள்.

"பாருப்பா, கொஞ்சம்கூடத் துருப்பிடிக்கல."

அவன் வாங்கவில்லை. வெளியே போய் வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கார் மோதிய மரம் மோதிய இடத்திலேயேதான் நிற்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அத்தான் வந்தான். பஸ்ஸில். குட்டிக்குக் கட்டு மாற்றினான், தலை சீவிவிட்டான், இருட்டுவதற்குள் கிளம்பினான். அக்கா வாசல்வரை போனாள்.

இன்று எழுதிய முதல் வரி இடிக்கிறது. பெயர் ஒன்று சொல்கிறது, வினை இன்னொன்று சொல்கிறது. ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

இரண்டில் எதையும் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறும் வரட்டும், பார்க்கலாம்.