அம்மா இடது கையால் எழுதியது

ஓவ்ரெதுன், ஹார்டாங்கர்
3 அக்டோபர் 1983, திங்கள்

அன்பு மகள் சிக்னேவுக்கு அப்பா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் இருவருக்குமாக மூன்று நல்ல கால்களை வைத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. உன் ஆகஸ்ட் கடிதம் கிடைத்தது. வானிலை அலுவலகத்தில் உன்னை நிரந்தரம் செய்துவிட்டார்கள் என்று படித்ததும் அதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன், அவள் காபிக்குச் சர்க்கரை கேட்டாள். அந்த இருமல் இன்னும் இருக்கிறதா? வெலிங்டன் காற்று பொல்லாதது என்று நீயே எழுதியிருந்தாய், கழுத்தை மூடிக்கொண்டு போ. உன் சிநேகிதன் காலின் நல்ல பையன் என்று தெரிகிறது, ஆனால் நான்கு வருடமாக நல்ல பையனாகவே இருக்கிறானே, மேற்கொண்டு என்ன உத்தேசம் என்று கேட்டுவை. இதையெல்லாம் ஃபோனில் கேட்கலாம்தான், ஆனால் ஃபோன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த நாற்காலியில் எப்போதும் அம்மா இருக்கிறாள். அதனால்தான் கிடங்கில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து இதை எழுதுகிறேன்.

ஃபோனில் உனக்குச் சொன்னது பாதிதான். மே பதினாறாம் தேதி, ஆப்பிள் தோட்டம் முழுவதும் பூத்து நின்ற நாளில், அம்மா மறுநாள் தேசிய நாள் ஊர்வலத்துக்குப் போட வேண்டிய பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், அது உனக்குத் தெரியும். வலது கையும் வலது காலும் போயின, பேச்சு கொஞ்சம் கோணிக்கொண்டு திரும்பி வந்தது, நீ புறப்பட்டு வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று அவள்தான் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே நாற்காலியைச் சமையலறை ஜன்னலுக்கு இழுக்கச் சொன்னாள், என் பழைய கப்பல் பைனாகுலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அன்றிலிருந்து தோட்டம் அங்கிருந்துதான் நடக்கிறது. ஜூனில் பிஞ்சு கலைக்கும்போது ஒரு கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும் அல்லவா, நான் மூன்றாவது வரிசையில் கிள்ளிக்கொண்டிருப்பேன், ஜன்னல் கண்ணாடியில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்கும். போய் நின்றால், “பெரியத கிள்ளிட்டு சின்னத விட்டு வைக்கிறியே, உனக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?” என்பாள். ஜூலையில் மருந்து அடிக்கும்போது தட்டினாள், ஆகஸ்டில் காய் கனத்துக் கிளைகளுக்கு முட்டுக்கொடுக்கும்போது தட்டினாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரிதான், அதுதான் கஷ்டம்.

உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1952இல் பழம் பறிக்க இரண்டு வாரத்துக்கு இங்கே வந்தவன் நான், அடுத்த கப்பல் வரும்வரை கைச்செலவுக்கு. முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. நான் பிறந்த தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, நவம்பரில் அதன் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் முகம் காட்டும். ஊரில் இன்றைக்கும் நான் உன் அம்மா ரக்னாவின் வீட்டு மாப்பிள்ளை, தோர்கில்ஸ் என்று ஒரு பெயர் எனக்கு இருப்பது தபால்காரருக்கு மட்டும்தான் ஞாபகம். ஒவ்வொரு வருடமும் கிளம்பலாம் என்று நினைப்பேன். குளிர்காலம் என்றால் கிளை கழிக்கும் கவாத்து இருக்கும், வசந்தத்தில் உறைபனிக் காவல், கோடையில் பிஞ்சு, பிறகு பறிப்பு, பறிப்பு முடிந்தால் எலி பட்டையைக் கடிக்காமல் அடிமரத்துக்கு வலை சுற்ற வேண்டும், சுற்றி முடிப்பதற்குள் பனி விழுந்துவிடும். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, அம்மாவையும் குறை சொல்லவில்லை. ஒரு மரம்கூட எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

ஜூலையில் உன் மாமா மகன் ஓட்டார் வந்தான். வேலி ஓரமாக என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய், “மாமா, வாரிசு உரிமை வேண்டாம்னு சிக்னே ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், தோட்டத்த நான் எடுத்துக்கிறேன். நீங்களும் அத்தையும் ஏன் இப்படிக் கெடந்து சாகணும்? உங்க தீவுல போய் மீன் பிடிங்க” என்றான். அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்று சாயந்திரமே காகிதம் எடுத்துவரச் சொல்லி, தான் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தாள். குளிர்காலத்துக்கு முன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், தோட்டம் உன்னுடையது, உன் அப்பாவால் முடியவில்லை, நல்ல கிளையை வெட்டிவிட்டுக் கெட்ட கிளையை விடுகிறார், இப்படி இரண்டு பக்கம். என்னைப் பற்றிய குறையை என் கையாலேயே எழுதினேன். உறையில் போட்டு விலாசம் எழுதினேன். தபாலில் போடவில்லை. கிடங்கில் ஒட்டுக்கட்டும் மெழுகு வைக்கும் இழுப்பறைக்குள் வைத்தேன்.

ஏன் என்று பல நாள் யோசித்தேன் மகளே. நீயும் என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய் இல்லை. ஆனால் நீ வந்துவிட்டால் நான் சாகும்வரை இங்கேதான், நீ வராவிட்டால் எனக்கு ஒரு வழி உண்டு, அந்த நினைப்பும் அந்த இழுப்பறைக்குள்தான் இருந்தது. நல்ல அப்பா வேஷம் போட்டு உன்னிடம் எதையும் வாங்க விரும்பவில்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் ஐந்து நாள் விடாத மழை. பதினேழாம் தேதி காலையில் தேவாலய வளைவுக்கு இந்தப் பக்கம் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது, யாருக்கும் அடி இல்லை. ஆனால் இந்த ரோடு நம் வீட்டைத் தாண்டி நாலு பண்ணையோடு முடிகிறதே, அதனால் வெளியே போக வழியில்லை, பறிக்க வரும் பெண்களும் அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். வாரம் இரண்டு முறை ஒரு சின்னப் படகு ரொட்டியும் மருந்தும் கொண்டுவந்தது, பழப் பெட்டி ஏற்ற அதில் இடமில்லை. கிராவன்ஸ்டைன் ஆப்பிள் பழுத்துத் தானாக விழ ஆரம்பித்தது. நான் ஒருவனாகப் பறித்தேன். ஜன்னலிலிருந்து பார்க்கப் பொறுக்காமல் நான்காம் நாள் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு தானே வந்துவிட்டாள், வாசலிலிருந்து முதல் வரிசைக்கு வர அரைமணி ஆனது. ஏணியின் அடிக்கட்டையில் சாய்ந்து ஒரு பெட்டியில் உட்கார்ந்து, இடது கையால் பழத்தைத் தரம் பிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, “நியூசிலாந்துக்கு ஒரு கடிதம் போக எத்தன நாள் ஆகும்?” என்றாள். பத்து நாள் என்றேன். “வர பத்து நாள். ரெண்டு மாசமாச்சு” என்றாள்.

நான் ஏணியின் மேலே இருக்கிறேன், தோளில் பை நிறையப் பழம். அவள் நகராமல் நான் இறங்க முடியாது. அங்கே நின்றபடியே சொன்னேன், கடிதம் இழுப்பறையில் இருக்கிறது என்று. ஏன் என்பதையும் சொன்னேன், உனக்கு மேலே எழுதிய இரண்டு காரணத்தையும். அவள் கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அந்தப் பைய ஆட்டாத, பழம் அடிபடும்” என்றாள், அதோடு சரி. இரண்டு நாள் பேசவில்லை. ரோடு இல்லை, வேறு ஆள் இல்லை, ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஆட்டுக்கறி சூப்பு குடித்தோம். கப்பலில் ஏழு மாதம் நிலம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் சிக்னே, அந்த இரண்டு நாளைப் போல நெருக்கியதில்லை.

மூன்றாம் நாள் காபி ஊற்றும்போது அவளே ஆரம்பித்தாள். “உனக்கு இந்த எடம் புடிக்கலன்னு மொதக் குளிர்லயே எனக்குத் தெரியும். நீயா சொல்லியிருந்தா, போன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துலதான் நான் கேக்கவே இல்ல” என்றாள். கோப்பை நிறைந்து மேசையில் வழிந்துவிட்டது. “தொட” என்றாள். துடைத்தேன். பிறகு, “அந்தப் பழைய கடிதத்த அடுப்புல போடு. ஒரு பென்சில் குடு, நீ வெளிய போ” என்றாள். காலையில் தொடங்கியவள் மதியம் பால் கொதிக்கும்வரை எழுதினாள். இடது கையால் அவளே மடித்து, நாக்கால் ஒட்டி, என்னிடம் நீட்டினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். “ஒனக்கு இல்ல” என்றாள். அதுதான் இதோடு இருக்கும் சிறிய உறை. நான் பிரிக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கவில்லை. பிடிக்கலாமா என்று ஒருமுறை நினைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி ரோடு திறந்தார்கள். கிராவன்ஸ்டைனில் பாதி தரையில் போய்விட்டது, அதைச் சாறு பிழிய அனுப்பினோம், மீதியை இன்று லாரி ஏற்றுகிறது. டிரைவர் ஹாரனை அடிக்கிறார், இந்தக் கடிதமும் அவரோடுதான் போகிறது.

அம்மா உன்னை வா என்று கூப்பிட்டிருக்கலாம், வராதே என்றும் எழுதியிருக்கலாம், எனக்குத் தெரியாது. எதுவானாலும் உன் மனதுக்குச் சரி என்று படுவதை மட்டும் செய், எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே, எனக்காகச் சரி என்றும் சொல்லாதே. எங்கே இருந்தாலும் நீ ஆரோக்கியத்தோடும் உன் விருப்பத்தோடும் இருக்கக் கடவுள் துணையிருக்கட்டும், காலினுக்கும் எங்கள் ஆசிகள், இருமலுக்கு டாக்டரைப் பார். ஒன்று மறந்துவிடாதே. மே மாதம் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு எழுத வருகிறது, படிக்க வரவில்லை, எழுத்து நழுவுகிறது என்கிறாள், அப்படியும் ஆகுமாம். பதிலை அவள் பெயருக்குத்தான் எழுதுவாய். அதை அவளுக்கு நான்தான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

உன் அன்பு அப்பா,
தோர்கில்ஸ்